திரும்பி வரும் அன்பு: ஹிஸ்பானிய மக்களும் உயர் இரத்த அழுத்தமும்



1531-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இன்றைய மெக்சிகோ நகரின் எல்லைக்குள் இருக்கும் தெப்பேயாக் குன்றின் அருகே யுவான் தியேகோ என்னும் எளிய மனிதர் விரைந்து நடந்துகொண்டிருக்கிறார். அவருடைய மாமா யுவான் பெர்னார்தினோ கடும் நோயுற்றுச் சாகும் தறுவாயில் கிடக்கிறார். அவருக்கு அருளடையாளங்கள் வழங்க ஒரு குருவானவரை அழைத்துவரவே இந்த ஓட்டம். அதற்கு முன்பே அன்னை மரியா அந்தக் குன்றில் அவருக்குக் காட்சி தந்து, ஆயரிடம் தூது அனுப்பியிருந்தார். இப்போது அன்னையைச் சந்தித்தால் தாமதமாகிவிடுமே என்று அஞ்சி, யுவான் தியேகோ குன்றின் மறுபக்கமாகச் சுற்றிப் போகிறார். அன்னையோ குன்றிலிருந்து இறங்கி வந்து, அவர் போகும் அந்த வழியிலேயே அவரை எதிர்கொள்கிறார். மாமாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று தேற்றுகிறார். மாமாவும் நலமடைகிறார்.

குவாதலூப்பே அன்னையின் இவ்வரலாற்றை அறியாத ஹிஸ்பானியக் கத்தோலிக்கர் இல்லை எனலாம். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002 ஜூலை 31 அன்று மெக்சிகோவிலேயே யுவான் தியேகோவைப் புனிதராக அறிவித்தார்.

இவ்வரலாற்றில் ஒன்றைக் கவனிப்போம். தம் மாமா நோயுற்றிருக்கிறார் என்பது யுவான் தியேகோவுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர் ஓடினார். ஆனால் நோய் இருப்பதே வீட்டில் எவருக்கும் தெரியாவிட்டால் யார் ஓடுவார்கள்? யாரை அழைத்து வருவார்கள்? உயர் இரத்த அழுத்தம் அப்படிப்பட்ட ஒரு நோய். அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் ஹிஸ்பானிய மக்களிடையே இந்நோயைக் கட்டுப்படுத்த எளிய மனிதர்கள் வீடு வீடாகச் சென்று செய்துவரும் பணியைப் பற்றி இன்று நாம் சிந்திக்கலாம். அப்பணியில் நம் பங்குகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

வலியில்லாத நோய்

நம் இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தைக் குழாய்களுக்குள் தள்ளுகிறது. அப்போது குழாய்ச் சுவரின் மீது ஏற்படும் அழுத்தமே மேல் எண். இதயம் ஓய்வு கொள்ளும் நொடியில் இருக்கும் அழுத்தம் கீழ் எண். 120-க்கு 80 என்பதற்குக் கீழே இருப்பது நலம். 140-க்கு 90 என்ற அளவைப் பல நாடுகளில் நோயின் எல்லையாகக் கொள்கிறார்கள். அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகளோ 2017-ஆம் ஆண்டு முதல் 130-க்கு 80 என்பதையே எல்லையாக வைத்திருக்கின்றன.

அழுத்தம் ஆண்டுக்கணக்கில் கூடியிருந்தால் இதயம் தடித்துப்போகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் சிதைகின்றன. கண்ணின் விழித்திரை பழுதாகிறது. மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ பக்கவாதம் வருகிறது. இவ்வளவு கேடு நடக்கும்போதும் பெரும்பாலானோருக்குத் தலைவலிகூட இருப்பதில்லை. பல் வலித்தால் இரவோடு இரவாக மருத்துவரைத் தேடுகிறோம். இந்நோயோ கதவைத் தட்டாமல் உள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-இல் 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

படிக்கட்டில் தவறி விழுகிறவர்கள்

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் வேர்கொண்டு, அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாழும் மக்களையே ஹிஸ்பானியர் என்றும் இலத்தீனோக்கள் என்றும் அழைக்கின்றனர். மெக்சிகோ, புவேர்த்தோ ரிக்கோ, கியூபா, தொமினிக்கன் குடியரசு, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என இவர்களின் பூர்வீகம் பலவகைப்பட்டது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் 6 கோடியே 21 இலட்சம் பேர். அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர். வயலில் காய்கனி பறிப்பவர்கள், கட்டட வேலை செய்பவர்கள், உணவு விடுதிகளில் பாத்திரம் கழுவுபவர்கள், பிறர் பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிப்பவர்கள் எனப் பலர் கடினமாக உழைத்து வாழ்கின்றனர். இவர்களில் கத்தோலிக்கரும் மிகப் பலர்.

2008 முதல் 2011 வரை நியூயார்க்கின் பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியாகோ ஆகிய நான்கு இடங்களில் 18 முதல் 74 வயது வரையிலான 16,415 ஹிஸ்பானியரை ஒரு பேராய்வில் பரிசோதித்தனர். அவர்களில் நான்கில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. வெள்ளை இனத்தவரோடு ஒப்பிட்டால் இது அதிகம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்து வந்த எண்கள்தான் வருத்தத்திற்குரியவை. நோயுள்ள 100 பேரில் தமக்கு நோய் இருப்பதை அறிந்தவர்கள் 74 பேர். மருந்து எடுத்துக்கொண்டவர்கள் 63 பேர். அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 37 பேர் மட்டுமே.

இதை ஒரு படிக்கட்டாக எண்ணிப் பார்ப்போம். முதல் படி, நோயை அறிதல். இரண்டாம் படி, மருந்து தொடங்குதல். மூன்றாம் படி, விடாமல் தொடர்ந்து அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்தல். ஒவ்வொரு படியிலும் சிலர் தவறி விழுகிறார்கள். ஏறி வந்தவர்களில் மிகுதியான விகிதத்தினர் விழுவது கடைசிப் படியில்தான். மருந்து தொடங்கிய 63 பேரில் 26 பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வரவில்லை. அப்படியானால் ஒரு முறை அளந்து சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை என்பது தெளிவு.

ஏன் விழுகிறார்கள்?

முதற்காரணம் பணம். அந்நாட்டில் மருத்துவக் காப்பீடு இல்லாதவர் ஒரு சிறு நோய்க்குக்கூடப் பெருந்தொகை செலுத்த நேரிடும். ஹிஸ்பானியரிடையே காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் வெள்ளை இனத்தவரைவிட இரு மடங்குக்கும் அதிகம். காப்பீடு இல்லாதவர்களிடம் நோயை அறிதலும் சிகிச்சையும் கட்டுப்பாடும் மிகக் குறைவு என்று மேற்சொன்ன ஆய்வும் கண்டது.

இரண்டாவது நேரம். நாட்கூலி பெறுபவர் மருத்துவரைப் பார்க்க அரை நாள் விடுப்பு எடுத்தால், அரை நாள் கூலி போய்விடும். அதுவும் எந்த வலியும் இல்லாத ஒரு நோய்க்காக!

மூன்றாவது மொழி. மருத்துவர் ஆங்கிலத்தில் சொல்வதைப் பள்ளி செல்லும் பிள்ளை ஸ்பானியத்தில் பெற்றோருக்குச் சொல்கிறது. தந்தையின் இதயத்தைப் பற்றிய கடினமான செய்தியைப் பத்து வயதுப் பிள்ளையின் வாயால் கேட்கும் நிலையை எண்ணிப் பார்ப்போம்.

நான்காவது, நோயைப் பற்றிய எண்ணம். 'கொராஹே' என்று அவர்கள் சொல்லும் கடுங்கோபத்தினால்தான் அழுத்தம் ஏறுகிறது, கோபம் தணிந்தால் அதுவும் இறங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கோபத்தில் அழுத்தம் சிறிது நேரம் கூடுவது உண்மைதான். ஆனால் நிலைத்துவிட்ட உயர் அழுத்தம் கோபம் தணிந்தாலும் தணிவதில்லை. ஆகவே, தலை கனக்கும் நாளில் மட்டும் மாத்திரை போடுவதும், எண் சரியாக வந்ததும் நிறுத்திவிடுவதும் ஆபத்தானவை. எண் சரியாக இருப்பதற்கு மாத்திரை வேலை செய்வதே காரணம் என்பதைப் பொறுமையாக யாராவது விளக்க வேண்டும்.

ஐந்தாவது அச்சம். உரிய தாள்கள் இல்லாதவர்கள் மட்டுமன்று, தாள்கள் இல்லாத உறவினரைக் கொண்ட குடும்பங்களும் எந்த அலுவலகத்திலும் பெயரும் முகவரியும் கொடுக்க அஞ்சுகின்றன. இதைப் பற்றிப் பின்னர் மீண்டும் பார்ப்போம்.

கதவைத் தட்டும் பெண்கள்

இத்தனை தடைகளையும் ஒரு மருத்துவமனைக் கட்டடம் தானாகத் தாண்டிவிடாது. மனிதர்தான் தாண்டிச் செல்ல வேண்டும். அப்படிச் செல்பவர்களையே ஸ்பானிய மொழியில் 'புரோமோத்தோரா' என்று அழைக்கின்றனர். நலவாழ்வை ஊக்குவிப்பவர் என்பது அதன் பொருள். இவர்கள் பெரும்பாலும் பெண்கள். மருத்துவரோ செவிலியரோ அல்லர். அதே தெருவில் வாழ்ந்து, அதே மொழி பேசி, அதே கடையில் அரிசியும் பீன்ஸும் வாங்குகிறவர்கள். பயிற்சி பெற்று, அக்கம்பக்கத்தாருக்கு நலவாழ்வைக் கற்றுத்தருகிறார்கள்.

இந்த வழக்கம் இலத்தீன் அமெரிக்க மண்ணில் பிறந்தது. மருத்துவர் எட்டிப் பார்க்காத மலைக் கிராமங்களில் ஊர்க்காரர்களே நலவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். மெக்சிகோவின் மேற்கு மலைப்பகுதியில் அப்படிப் பணியாற்றிய டேவிட் வெர்னர், மருத்துவர் இல்லாத ஊர்களுக்காக ஸ்பானிய மொழியில் எழுதிய கையேடு 1970-களில் வெளிவந்து, பின்னர் உலகின் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அதே காலத்தில்தான் அம்மண்ணில் அடித்தளக் கிறிஸ்தவச் சமூகங்களும் தழைத்தன. 1968-இல் கொலம்பியாவின் மெதெலினில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள் அவற்றிற்கு ஊக்கமளித்தனர். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி இறைவார்த்தையை வாசிப்பதும், ஒருவர் மற்றவரின் துன்பத்தைச் சுமப்பதும் ஒரே வாழ்வின் இரு பக்கங்களாயின. நம் பங்குகளில் நாம் அன்பியம் என்று அழைப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வேலை தேடி வடக்கே சென்ற மக்களோடு இவ்வழக்கமும் எல்லை தாண்டிச் சென்றது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் 1994-இல் 'உங்கள் இதயத்திற்கு நலம்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தலைநகர் வாஷிங்டனைச் சுற்றி வாழ்ந்த ஹிஸ்பானியரிடையே முதலில் நடைபெற்று, பின்னர் மற்ற நகரங்களுக்கும் அது பரவியது. இதற்கென ஒரு பயிற்சிக் கையேடும், படக்கதைகளும், சமையல் குறிப்பு நூலும் ஸ்பானிய மொழியிலேயே உருவாக்கப்பட்டன.

புரோமோத்தோரா ஒரு வீட்டிற்குள் நுழைந்ததும் நோயைப் பற்றிப் பேசத் தொடங்குவதில்லை. பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார். ஊரில் இருக்கும் அம்மாவின் நலம் கேட்கிறார். 'கொன்பியான்சா' என்று அவர்கள் அழைக்கும் நம்பிக்கை உறவு வளர்ந்த பிறகே அழுத்தமானியை எடுக்கிறார். அதன்பின் அடுக்களைக்குள் போகிறார்.

அடுக்களையில்தான் பாதிப் போராட்டம் நடக்கிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் மக்கள் உண்ணும் உப்பில் 70 விழுக்காட்டுக்கும் அதிகம் கடையில் வாங்கும் பதப்படுத்திய உணவிலும் உணவு விடுதிகளிலும் மறைந்திருக்கிறது. சமைக்கும் தாய் கையை அடக்கிப் போட்டாலும், டப்பாவில் இருக்கும் உப்பு அடங்குவதில்லை. எனவே டப்பாவின் மேல் உள்ள அட்டவணையை வாசிக்கக் கற்றுத்தருகிறார். டப்பா பீன்ஸை நன்றாகக் கழுவிவிட்டுச் சமைக்கச் சொல்கிறார். உப்பிற்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லித் தழை, பூண்டு, மிளகாய் ஆகியவற்றால் ருசி சேர்க்கலாம் என்று செய்து காட்டுகிறார். பாட்டியின் சமையலை விட்டுவிடு என்று அவர் சொல்வதில்லை. அதையே நலமானதாக்கலாம் என்கிறார். காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள் நிறைந்த உணவு உயர் அழுத்தம் உள்ளவர்களின் மேல் எண்ணைப் பத்துப் புள்ளிக்கும் மேல் குறைக்க வல்லது என்று 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நிலைநாட்டியது.

மெக்சிகோவின் எல்லையில் உள்ள டெக்சாஸ் மாநில எல் பாசோ நகரிலும் புரோமோத்தோராக்கள் இக்கையேட்டைக் கொண்டு கற்பித்தனர். மக்களின் உப்பு, கொழுப்புப் பழக்கங்கள் மேம்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். இத்தகைய பணியாளர்களை இதயநோய்த் தடுப்பில் ஈடுபடுத்த வேண்டும் என்று அந்நாட்டின் சமூக நோய்த்தடுப்புப் பணிக்குழு 2015-இல் பரிந்துரைத்தது.

அன்பு மட்டும் போதுமா?

இங்கே நாம் நேர்மையாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். அன்பாகப் பேசி, மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினால் மட்டும் நோய் கட்டுப்படுமா?

இதற்கு விடை அதே நாட்டின் வேறொரு சமூகத்திடமிருந்து கிடைத்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் கறுப்பின ஆண்கள் வழக்கமாகச் செல்லும் 52 முடிதிருத்தும் கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவர் ரொனால்டு விக்டர் தலைமையில் நடந்த அதன் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர் தம் வாடிக்கையாளரை நலமான பழக்கங்களுக்கு ஊக்குவித்து, மருத்துவரைப் பார்க்கும்படி சொன்னார். மறுபகுதிக் கடைகளிலோ முடிதிருத்துபவரின் ஊக்கத்தோடு, பயிற்சி பெற்ற மருந்தாளுநர் ஒருவர் கடைக்கே வந்து, மருத்துவருடன் இசைந்து மருந்து கொடுத்து, மீண்டும் மீண்டும் வந்து அளவைச் சரிசெய்தார். ஆறு மாதங்களில் முதல் பிரிவில் மேல் எண் சராசரியாக 9 புள்ளி குறைந்தது. இரண்டாம் பிரிவில் 27 புள்ளி குறைந்தது. 130-க்கு 80 என்ற இலக்கிற்குள் வந்தவர்கள் முதல் பிரிவில் 100-க்கு 12 பேர். இரண்டாம் பிரிவில் 64 பேர்.

இரண்டு பிரிவிலும் நம்பிக்கை உறவு இருந்தது. ஒன்றில் மருந்தும் மறுவருகையும் சேர்ந்திருந்தன. ஆகவே புரோமோத்தோராவின் அன்பு மருத்துவத்திற்குப் பதிலாக வருவதன்று, மருத்துவத்திடம் கைபிடித்து அழைத்துச் செல்வது. சிறந்த திட்டங்களில் அவர் நோயாளியை வருமானத்திற்கேற்பக் கட்டணம் பெறும் சமூக நலவாழ்வு மையத்திற்குக் கூட்டிச் செல்கிறார். 1965 முதல் அந்நாட்டில் வளர்ந்துள்ள இம்மையங்கள் கட்ட இயலாதவர் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்புவதில்லை. மாத்திரை தீரும் முன் அவர் நினைவூட்டுகிறார். அடுத்த மாதம் மறுபடியும் வந்து அளக்கிறார்.

நல்ல சமாரியரின் கடைசி வாக்கு

லூக்கா நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு பரிவு கொண்டார், காயங்களைக் கட்டினார் என்பது நம் நினைவில் நிற்கிறது. ஆனால் உவமையின் இறுதிப் பகுதியை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். சமாரியர் அவரைச் சாவடிக்குக் கொண்டுபோய், மறுநாள் இரு தெனாரியத்தைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, மேலும் செலவானால் தாம் திரும்பி வரும்போது தருவதாக வாக்களிக்கிறார்.

அவர் திரும்பி வருவதாகச் சொன்னார் என்பதே நம் சிந்தனைக்குரியது. முதலுதவியோடு அவருடைய அன்பு முடிந்துவிடவில்லை. நீடித்த நோய்க்கு நீடித்த அன்பு தேவை. உயர் இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை இது பக்திச் சொல் மட்டுமன்று, எண்களால் நிலைநாட்டப்பட்ட உண்மை.

அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகள் சில இப்பணியில் இறங்கியுள்ளன. சான் டியாகோ பகுதியில் 16 கத்தோலிக்கக் கோவில்களில் 'செயலில் நம்பிக்கை' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் நடந்தது. அவற்றுள் ஒரு பகுதிக் கோவில்களில், பயிற்சி பெற்ற புரோமோத்தோராக்கள் தம் பங்குப் பெண்களுக்கு நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் கற்பித்தனர். பெண்களின் உடலுழைப்பு அதனால் கூடியது. பங்கிலேயே செவிலியர் ஒருவரை நியமிக்கும் வழக்கத்தை 1980-களில் சிகாகோ பகுதியில் தொடங்கி வைத்தவர் கிராங்கர் வெஸ்ட்பெர்க் என்னும் லூத்தரன் சபைப் போதகர். கத்தோலிக்கப் பங்குகள் பலவும் அதைப் பின்பற்றின. ஞாயிறுதோறும் கூடிவரும் மக்கள், அவர்கள் மொழியில் திருப்பலி, முகம் தெரிந்த உறவுகள் ஆகியவை எந்த மருத்துவமனைக்கும் எளிதில் கிட்டாத செல்வங்கள். அடுத்த ஞாயிறும் அதே முகங்களைக் காண்பதால், திரும்பி வரும் அன்பிற்குப் பங்கே தகுந்த இடம்.

அச்சத்தின் நாட்களில்

நம்பிக்கை உறவின் மேல் கட்டப்பட்ட இப்பணியை அச்சம் எளிதில் சிதைத்துவிடும். கோவில்கள், மருத்துவமனைகள், பள்ளிகள் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது நடவடிக்கைகளைத் தவிர்க்க வேண்டும் என்றிருந்த நெறிமுறையை அமெரிக்க அரசு 2025 ஜனவரியில் நீக்கியது. அதே ஆண்டு ஜூலையில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்தினோ மறைமாவட்ட ஆயர் அல்பெர்த்தோ ரோகாஸ், இத்தகைய அச்சத்தால் கோவிலுக்கு வர இயலாதவர்களுக்கு ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து விலக்கு அளித்தார். ஓர் ஆயர் இப்படி ஓர் ஆணை பிறப்பிக்க நேர்ந்தது என்றால், மக்களின் அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதை நாம் உணரலாம்.

திருப்பலிக்கு வரவே அஞ்சுகிறவர் மாத்திரை வாங்க எப்படி வருவார்? இரத்த அழுத்தமோ அரசின் ஆணைக்காகவும் நல்ல காலத்திற்காகவும் காத்திருப்பதில்லை. மருந்து நின்ற சில நாட்களிலேயே எண் மறுபடி ஏறத் தொடங்குகிறது. இத்தகைய நாட்களில்தான் கதவைத் தட்டி வரும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் அருமை தெரிகிறது. யுவான் தியேகோ அஞ்சிச் சுற்றிப் போன வழிக்கு அன்னையே இறங்கி வந்ததைப் போல, அஞ்சி ஒதுங்கும் மக்களிடம் இவர்கள் இறங்கிச் செல்கிறார்கள்.

இறைவேண்டலும் மாத்திரையும்

இறைவனுக்கு விருப்பமானால் நடக்கும் என்று ஹிஸ்பானிய மக்கள் அடிக்கடி சொல்வார்கள். நம்மிடையேயும் இதே சொல் உண்டு. இது ஆழ்ந்த நம்பிக்கையின் வெளிப்பாடு. ஆனால் எல்லாம் விதி என்று கைகட்டி நிற்பதற்கு இதைச் சாக்காக்கிக்கொண்டால் அது நம்பிக்கையாகாது. குணமளிக்கும் வழிபாட்டில் கலந்துகொண்டபின் மாத்திரைகளை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. திருச்சபை இதை ஒருபோதும் கற்பிக்கவில்லை. மருத்துவரையும் மண்ணிலிருந்து கிடைக்கும் மருந்தையும் இறைவனே படைத்தார் என்றும், நோயுற்றவர் மன்றாட வேண்டும், மருத்துவருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்றும் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. காலையில் செபமாலையைக் கையில் எடுக்கும்போது மாத்திரையையும் எடுத்துக்கொள்ளலாம் என்று மக்களுக்குச் சொல்வதும் மேய்ப்புப்பணியே.

நாம் என்ன செய்யலாம்?

நம் பங்குகளிலும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவ முகாம் நடத்துகிறோம். வரிசையில் நின்று இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருகிறோம். அத்துடன் முகாம் முடிகிறது. அந்தச் சீட்டில் 170 என்று எழுதப்பட்டவர் அடுத்த வாரம் என்ன ஆனார் என்று நம்மில் எவராவது கேட்டிருக்கிறோமா? நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

அன்பியத்தில் ஒருவர் அல்லது இருவர் இப்பொறுப்பை ஏற்கலாம். சரியாக அளக்கக் கற்றுக்கொள்வது கடினமன்று. அளப்பதற்கு முந்திய அரை மணி நேரம் காப்பியும் புகையும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் முதுகு சாய்த்து, கால்கள் தரையில் படும்படி ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் ஏதேனும் ஒன்றின் மேல் தாங்கியிருக்க வேண்டும். பட்டையைத் துணியின் மேல் சுற்றக்கூடாது. அளக்கும்போது பேசக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் மறுபடி அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் எண் கூடியிருந்தால் உடனே நோய் என்று அச்சுறுத்தவும் வேண்டாம், பரவாயில்லை என்று விட்டுவிடவும் வேண்டாம். வேறொரு நாளும் அளந்து, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 180-க்கு 120 என்ற அளவைத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குளறலோ கைகால் தளர்ச்சியோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவரின் வேலை. நினைவூட்டுவதும் துணைக்குப் போவதும் நம் வேலை.

அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த மாதம் அதே வீட்டுக் கதவை மறுபடியும் தட்டுவது.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1992-இல் உலக நோயாளர் தினத்தை ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் பிப்ரவரி 11 அன்று அதை நாம் சிறப்பிக்கிறோம். நோயாளர் என்றதும் கட்டிலில் கிடப்பவர்களையே நினைக்கிறோம். நம் அருகில் திருப்பலியில் பாடிக்கொண்டிருப்பவரும், பந்தலுக்குக் கம்பு சுமப்பவரும், சமையலறையில் எல்லாருக்கும் பரிமாறுபவரும் தமக்கே தெரியாத நோயாளராக இருக்கலாம். எல் பாசோவிலும் சான் டியாகோவிலும் எளிய பெண்கள் அப்படிப்பட்டவர்களைத் தேடிச் செல்கிறார்கள். அடுத்த மாதமும் செல்கிறார்கள்.

குன்றிலிருந்து இறங்கி வந்து தம் பிள்ளையை வழியில் எதிர்கொண்ட குவாதலூப்பே அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாராக. நோயுற்றோரைத் தேடிச் சென்ற நம் ஆண்டவர் இயேசு, சென்ற வீட்டிற்கே திரும்பிச் செல்லும் உள்ளத்தை நமக்குத் தருவாராக. ஆமென்.